காலையில் ஸ்டார்ட் ஆகாத கார்: ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதா, முதலில் அளந்து பார்ப்பதா?

தலவாக்கலைக்காரன்:
வணக்கம். சின்ன இந்தியன் கார், மேனுவல் கியர், 2016 மொடல். பகலில் ஒரு தொல்லையும் இல்லை. ராத்திரி வெளியில் நிறுத்தினால் காலையில் சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். டாஷ்போர்ட் லைட் மங்குகிறது, செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்டர் மோட்டர்) சுற்றுவதில்லை. பேட்டரி போய்விட்டது என்றார்கள், புதிது போட்டேன். வாரண்டி கார்டு இன்னும் கசங்கக்கூட இல்லை, மறுபடி அதே கதை. இப்போது ஒரு கராஜில், எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் பண்ணுகிற ஆல்டர்னேட்டர் குறைவாகச் சார்ஜ் பண்ணுகிறது, கழற்றித் திருத்த வேண்டும் என்கிறார்கள். வீட்டுக்கு முன்னால் இறக்கம் இருப்பதால் உருட்டிவிட்டு, செகண்ட் கியரில் கிளட்சை விட்டு ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். இன்னும் காசு இறைப்பதற்கு முன்னால் நானே பார்த்துக்கொள்ளக்கூடியது ஏதாவது உண்டா?

மீட்டர் மச்சான், பண்டாரவளை:
உண்டு, கட்டாயம் பாருங்கள். பேட்டரி முடிந்தது, இப்போது ஆல்டர்னேட்டர், அதற்கும் சரிவராவிட்டால் ஸ்டார்டர் மோட்டர் என்பார்கள். இதுவரை யாராவது உங்கள் கண் முன்னால் ஒரு மீட்டரை வைத்து அளந்து காட்டினார்களா?

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் எந்த எலெக்ட்ரிக் சாமான் கடையிலும் கிடைக்கும். டீசி 20 வோல்ட்டில் வையுங்கள். காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4 முக்கால்வாசி, 12.2 பாதி, 12-க்கு வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம். அப்புறம் வீட்டில் ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, அதே இரண்டு முனையிலும் பாருங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்குத் தெம்பில்லை. 11-க்கு மேலேயே நின்றும் செல்ஃப் சுற்றவில்லை என்றால் பேட்டரியைக் குற்றம் சொல்லாதீர்கள், கரண்ட் போகிற வழியில் எங்கோ தடை இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும்.

ஹட்டன் வயரிங் கடை:
இப்படி எழுதுவது சுலபம். பிறகு வண்டி என் கடைக்குத்தான் வருகிறது. மீட்டரை ஆம்பியர் ஓட்டையில் சொருகிவிட்டு வோல்ட் பார்க்கப் போய் ஷார்ட் ஆக்கிக்கொண்டு வருவார்கள். ஸ்பேனரால் பிளஸ்ஸைக் கழற்றும்போது அது பாடியில் பட்டு, ஸ்பேனரே உருகி ஒட்டியதைப் பார்த்திருக்கிறேன். பியூஸ் அடிக்கடி போகிறது என்று 10 ஆம்பியர் சிவப்புப் பியூஸ் இருந்த இடத்தில் 30 ஆம்பியர் பச்சையைப் போட்டிருப்பார்கள். பியூஸ் போகாது, உள்ளே வயர் எரியும்.

'14 காட்டாவிட்டால் ஆல்டர்னேட்டர் போச்சு' என்ற கணக்கும் எல்லா வண்டிக்கும் செல்லாது. ஜப்பான் வேகன் ஆரில் 2012-இல் எனெ-சார்ஜ் வந்தது. அதில் சீட்டுக்கு அடியில் லித்தியம் பேட்டரி ஒன்று தனியாக இருக்கும், வேகம் குறையும்போதுதான் பெரும்பாலும் சார்ஜ் ஏறும். சும்மா நிறுத்தி வைத்து அளந்தால் குறைவாகக் காட்டும், அது பழுதில்லை. அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் எல்லாம் இன்னும் வேறு. அவற்றில் ஆல்டர்னேட்டரே கிடையாது. ஆரஞ்சு நிற வயருக்குள் ஓடுவது 12 வோல்ட் இல்லை, ஆளை அடித்துவிடும் கரண்ட். ஒரு மீட்டரை வாங்கிக்கொண்டு எல்லோரும் எலெக்ட்ரீசியன் ஆகிவிட்டால் எப்படி?

மீட்டர் மச்சான், பண்டாரவளை:
அவர் வைத்திருப்பது மேனுவல் கியர் இந்தியன் கார். ஹைபிரிட்டை ஏன் இழுக்கிறீர்கள்? ஆரஞ்சு வயரைத் தொடச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? வோல்ட் பார்ப்பதற்கு ஒரு நட்டையும் கழற்ற வேண்டியதில்லை.

நானுஓயா வேன்:
தம்பிமாரே, இதற்கெல்லாம் மீட்டர் எதற்கு? எஞ்சினை ஓடவிட்டு பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். எஞ்சின் நின்றால் ஆல்டர்னேட்டர் போச்சு, ஓடினால் நல்லது. அந்தக் காலத்திலிருந்து இப்படித்தான் பார்க்கிறோம்.

ஹட்டன் வயரிங் கடை:
அண்ணே, தயவு செய்து அதை யாருக்கும் சொல்லிக் கொடுக்காதீர்கள். உங்கள் பழைய டீசல் வேனில் கம்ப்யூட்டர் இல்லை, அதனால் தப்பித்தீர்கள். ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைத் துண்டித்தால் வோல்டேஜ் ஒரு கணத்தில் பல மடங்கு எகிறும், 100 வோல்ட்டைத் தொட்டாலும் தொடும். ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோட் போகும், எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியூவும் போகும்.

மீட்டர் மச்சான், பண்டாரவளை:
இதில் மட்டும் ஹட்டன் அண்ணனுடன் முழுதாக ஒத்துப்போகிறேன்.

நானுஓயா வேன்:
சரி சரி, இரண்டு பேரும் சேர்ந்து என்மேல் பாய வேண்டாம். ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆகாததற்குக் குளிரும் ஒரு காரணம். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரம், ஜனவரி, பெப்ரவரியில் புல்மேல் உறைபனி விழுகிற ஊர். கொழும்பில் ஓடின பேட்டரியை இங்கே கொண்டுவந்தால் முதல் குளிரிலேயே குணத்தைக் காட்டும்.

மீட்டர் மச்சான், பண்டாரவளை:
அது உண்மைதான். பூச்சியம் பாகைக்குப் பக்கத்தில் பேட்டரியின் பலம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஒயிலும் கெட்டியாகிவிடுவதால் எஞ்சினைச் சுற்ற அதிக கரண்ட் கேட்கும். கொடுப்பவன் இளைத்துப்போன நேரத்தில் கேட்பவன் கூடுதலாகக் கேட்கிறான். அதனால்தான் பகலில் ஒளிந்திருக்கிற பழுதெல்லாம் விடியற்காலையில் வெளியே வருகிறது. இன்னொன்று, தோட்டத்திலிருந்து டவுனுக்கு நாலு கிலோமீட்டர் ஓடிவிட்டு நிறுத்துகிறோம். மூடுபனி என்று ஹெட்லைட், வைப்பர், கண்ணாடி சூடாக்கி எல்லாம் போட்டுக்கொண்டு. செல்ஃப் எடுத்ததே பேட்டரிக்குத் திரும்பி வருவதில்லை.

ராத்திரியில் யாராவது கரண்ட் குடிக்கிறார்களா என்றும் பார்க்கலாம். பூட்டிய வண்டியில் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. டிக்கிக்குள் ஒரு 5 வாட் பல்பு அணையாமல் எரிந்தால் 0.4 ஆம்பியர். சின்னக் காரில் 35 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரி என்றால் மூன்றரை நாளில் முழுதும் காலி.

ஹட்டன் வயரிங் கடை:
அதைப் பார்க்க மைனஸைக் கழற்றி நடுவில் மீட்டரைப் போட வேண்டும். போட்டதை மறந்து சாவியைத் திருப்பினால் மீட்டரின் பியூஸ் அந்த இடத்திலேயே போகும். கதவைத் திறந்து மூடினால் கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொள்ளும், மறுபடி தூங்க அரை மணி நேரம்கூட எடுக்கும். அந்த அரை மணியைப் பொறுக்காமல், 'ஐயோ மூன்று ஆம்பியர் போகிறது' என்று எனக்கு போன் பண்ணுவார்கள்.

பொகவந்தலாவை டீச்சர்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஹட்டன் அண்ணே, உங்கள் கடை டவுனில் இருக்கிறது. எங்கள் பக்கம் ராத்திரி வண்டி நின்றால் வயரிங் பாஸ் (மெக்கானிக்) வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆகும், வந்தால்! நான் நட்டுக் கழற்றப் போவதில்லை. ஆனால் 'காலையில் 12.5 இருந்தது, ஓடும்போது 14.2 இருந்தது' என்று எண்ணைச் சொல்லிக்கொண்டு கராஜுக்குள் போனால் பேச்சே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. எண் இல்லாமல் போனால், அதுவும் பெண் போனால், எல்லாமே போய்விட்டது என்பார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இருக்கிற பழைய வண்டியைத்தான் எல்லோரும் கட்டி இழுத்துக்கொண்டு இருந்தோம். தெரிந்துகொள்ளாமல் எப்படிக் காலம் தள்ளுவது?

ஹட்டன் வயரிங் கடை:
டீச்சர், எண்ணோடு வருகிற ஆளை எனக்குப் பிடிக்கும். எண்ணோடு தீர்ப்பையும் எழுதிக்கொண்டு வருகிற ஆளைத்தான் பிடிக்காது. 'ஆல்டர்னேட்டர் நல்லது, அதைத் தொடாதே' என்று சொல்லிவிட்டு, பெல்ட் தளர்ந்திருப்பதைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஈரக் காலையில் 'கீச்' என்று கத்தும், சூடானதும் வாயை மூடிக்கொள்ளும். அது எந்த மீட்டரில் தெரியும்?

பொகவந்தலாவை டீச்சர்:
காதில் தெரியும் அண்ணே. அதற்கும் பாஸ் வேண்டாமே.

தலவாக்கலைக்காரன்:
மீட்டர் வாங்கினேன். காலையில் ஒன்றும் தொடாமல் 12.5. மனைவி சாவியைத் திருப்பினார், அதே 'டக்', டாஷ் லைட் மங்கியது. மீட்டரில் 11.6-க்குக் கீழே போகவே இல்லை. உருட்டி ஸ்டார்ட் பண்ணியதும் ஹெட்லைட் போட்டுப் பார்த்தேன், 13.6. கராஜில் இதைப் பார்த்துத்தான் ஆல்டர்னேட்டர் குறைவு என்றிருப்பார்கள் போல.

மீட்டர் மச்சான், பண்டாரவளை:
பார்த்தீர்களா! பேட்டரியில் 11.6 நிற்கிறது, ஆனால் செல்ஃபுக்கும் டாஷ்போர்டுக்கும் அது போய்ச் சேரவில்லை. இரண்டுக்கும் பொதுவான வழி பேட்டரிப் பக்கம்தான். இப்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் ஈயத்தில் வையுங்கள், கிளாம்பில் இல்லை, நடுவில் இருக்கிற ஈயத்திலேயே. மற்ற முனையை எஞ்சினில் பெயிண்ட் இல்லாத ஓர் இரும்பில். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இழுத்து, சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். நல்ல எர்த் (பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சினுக்கும் பாடிக்கும் போகும் இணைப்பு) என்றால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. பிளஸ் பக்கமும் இதேபோல் ஈயத்திலிருந்து செல்ஃபின் தடித்த போல்ட் வரை பார்க்கலாம், ஆனால் அங்கே கை வழுக்கினால் ஷார்ட். மைனஸை முதலில் பாருங்கள்.

ஹட்டன் வயரிங் கடை:
நானும் எர்த் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் 12.5 என்பது லோட், அதாவது கரண்ட் இழுக்கிற சுமை, இல்லாத கணக்கு. செல்ஃப் சுற்றாமல் பேட்டரிக்கு உண்மையான லோட் விழுந்ததா என்று எப்படிச் சொல்வீர்கள்? எர்த்தைச் சரிபண்ணிய பிறகு பேட்டரியும் பலவீனம் என்று தெரிய வரலாம். இவ்வளவு நாள் அரைகுறை சார்ஜில் கிடந்த பேட்டரி.

மீட்டர் மச்சான், பண்டாரவளை:
அது நியாயமான கேள்வி. ஒரு ராத்திரி முழுதும் சார்ஜரில் போட்டுவிட்டு லோட் டெஸ்ட் பண்ண வேண்டும். அதற்குக் கடைக்குத்தான் போக வேண்டும், சரிதானே?

தலவாக்கலைக்காரன்:
3.8 வோல்ட்! கிளாம்பில் பெரிதாக ஒன்றும் இல்லை, கொஞ்சம் வெள்ளைத் தூள் மட்டும். ஈயத்துக்கும் கிளாம்புக்கும் நடுவே 0.1 தான். கேபிளைப் பிடித்து வளைத்துப் பார்த்தேன், கிளாம்புக்குப் பக்கத்தில் ரப்பர் உப்பியிருக்கிறது, அமுக்கினால் நறநற என்கிறது. பிளேடால் ஓர் அங்குலம் கீறினேன். உள்ளே செம்பு இல்லை, பச்சைப் பொடி. ஏழெட்டு இழைதான் முழுசாக இருக்கிறது.

மீட்டர் மச்சான், பண்டாரவளை:
ஆல்டர்னேட்டரைக் காப்பாற்றிவிட்டீர்கள். 13.6 காட்டியதற்கும் இதே கேபிள்தான் காரணம். ஆல்டர்னேட்டரின் போல்ட்டிலும் அதன் உடம்பிலும் வைத்து அளந்திருந்தால் 14-க்கு மேல் வந்திருக்கும். பேட்டரியையும் அரைப்பட்டினி போட்டது இதுதான்.

நானுஓயா வேன்:
அந்தப் பச்சைப் பொடியைக் கொட்டிவிட்டு, நல்ல பக்கத்தை வெட்டி முறுக்கி கிளாம்பில் மாட்டி டேப் சுற்றுங்கள். இன்றைக்கே ஓடும்.

ஹட்டன் வயரிங் கடை:
ஓடும், அடுத்த மழை வரைக்கும். ஈரம் செம்புக்குள் உறிஞ்சிக்கொண்டு உள்ளேயே போகும், வெட்டின இடத்துக்கு அப்பாலும் பச்சை பிடித்திருக்கும். முழுக் கேபிளையும் மாற்ற வேண்டும். வீட்டு வயரிங் வயரை மடித்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் வேண்டாம். செல்ஃப் இழுப்பது நூற்றுக்கணக்கான ஆம்பியர், பழைய கேபிள் இருந்த தடிப்பாவது வேண்டும். முனையில் லக் (போல்ட்டில் மாட்டும் வளையம்) வைத்துப் பிரஸ்ஸில் அழுத்த வேண்டும், சுத்தியலால் தட்டக் கூடாது. இங்கேதான் நான் முதலிலிருந்து சொல்வது: கண்டுபிடிப்பது ஒன்று, செய்வது வேறு.

பொகவந்தலாவை டீச்சர்:
முதலில் சொன்னது அது இல்லை அண்ணே. மீட்டரே வாங்காதே என்ற மாதிரித்தான் எழுதியிருந்தீர்கள். மேலே போய்ப் பாருங்கள்.

ஹட்டன் வயரிங் கடை:
ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

தலவாக்கலைக்காரன்:
கேபிளை நானே கழற்றிக்கொண்டு வரவா, வண்டியோடு வரவா?

ஹட்டன் வயரிங் கடை:
வண்டியோடு வாருங்கள். பாடியில் எர்த் பிடிக்கிற இடத்தையும் கியர்பொக்ஸ் போல்ட்டையும் சுரண்டிப் பெயிண்ட், துரு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புதுக் கேபிள் போட்டும் பிரயோசனமில்லை. வருகிற வழியில் எங்கேயும் எஞ்சினை நிறுத்த வேண்டாம். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். அது என் வேலை, இருந்தாலும் தெரிந்துகொள்ளுங்கள். பேட்டரியைச் சார்ஜ் போட்டு லோட் டெஸ்டும் பார்த்துவிடலாம்.

மீட்டர் மச்சான், பண்டாரவளை:
மாட்டியதும் அந்த 3.8 எவ்வளவாக இறங்கியது என்று அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். 0.2-க்குள் வராவிட்டால் காசு கொடுக்காதீர்கள்.

ஹட்டன் வயரிங் கடை:
அதைப் பார்க்காமல் நானே வண்டியை வெளியில் விடமாட்டேன், தம்பி.

தலவாக்கலைக்காரன்:
சனிக்கிழமை காலையில் வருகிறேன் அண்ணே. மீட்டரும் என்னோடு வரும்.

ஹட்டன் வயரிங் கடை:
தாராளமாகக் கொண்டு வாருங்கள். எஞ்சின் ஓடும்போது அதன் வயரைப் பெல்ட் பக்கம் தொங்கவிடாதீர்கள், அவ்வளவுதான்.