மாலிஸ் பிரிபென்ஸ்: 'முன்விரோதம்' பொருந்தாது

ஆங்கிலச் சட்டத்தில் கொலைக் குற்றத்துக்கு வேண்டிய மனநிலையைக் குறிக்கும் பழைய தொடரான 'மாலிஸ் பிரிபென்ஸ்' என்பதற்குத் தமிழில் 'முன்விரோதம்' என்றே போட்டுவிடலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. "முன்விரோதம் காரணமாக வெட்டிக் கொலை" என்று தினமும் செய்தியில் படிக்கிறோமே, அது கொலைக்கான காரணத்தைச் சொல்வது. நமக்கு வேண்டியது கொன்றவரின் மனநிலையைக் குறிக்கும் சொல்.

'பிரிபென்ஸ்' சட்டப் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது; முன்கூட்டியே எண்ணிய என்று பொருள். 1390-இல் இரண்டாம் ரிச்சர்டு காலத்துச் சட்டம், பதுங்கியிருந்து கொன்றவருக்கும் இப்படி எண்ணிக் கொன்றவருக்கும் அரச மன்னிப்பு எளிதில் கிடைக்காதபடி கட்டுப்படுத்தியது. அந்த இடத்தில் சொல்லுக்கு நேர்ப்பொருளே போதும். ஆனால் இன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் (1957 கொலைச் சட்டத்திலும் 'மாலிஸ் அஃபோர்தாட்' என்று இதே கருத்து நிற்கிறது) பகையும் தேவையில்லை, முன்திட்டமும் தேவையில்லை. கொல்லவோ கொடுங்காயம் உண்டாக்கவோ கருதியிருந்தால் போதும். தீராத நோயில் துடிக்கும் மனைவி கெஞ்சிக் கேட்டதால், மனம் பொறுக்காமல் அவர் உயிரைப் போக்கிய கணவரிடமும் இந்த 'மாலிஸ்' இருப்பதாகத்தான் சட்டம் சொல்லும். அவருக்குப் போய் 'முன்விரோதம்' என்று எப்படி எழுதுவது?

இந்தியச் சட்டம் வேறு. 1860 தண்டனைச் சட்டத்தில் கொலையை வரையறுத்த 300-வது பிரிவு இந்தத் தொடரையே எடுத்துக்கொள்ளவில்லை. அதன் 4-வது விதிவிலக்கில், திடீர்ச் சண்டையில், ஆத்திரத்தில், 'பிரிமெடிடேஷன்' (முன்கூட்டியே திட்டமிடுதல்) இல்லாமல் நடந்தது என்று வந்தது. இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 101-வது பிரிவிலும் அப்படியே இருக்கிறது. இதற்கு 'முன்யோசனை' வேண்டாம், அது நல்ல குணத்தைச் சொல்லும் சொல். 'முன்திட்டம்' சரியாக இருக்கும்.

ஆக, 'மாலிஸ் பிரிபென்ஸ்' என்பதன் பழைய பொருள், இன்றைய பொருள் இரண்டையும் ஒரே சொல்லைப் போட்டுச் சமாளிக்கப் பார்த்தால் மாணவர்கள்தான் குழம்புவார்கள். பழைய ஆவணங்களை மொழிபெயர்க்கும்போது 'கறுவு' என்று வைக்கலாம். நெடுநாள் மனத்தில் வைத்திருந்த சினம் என்ற பொருள் அதிலேயே இருக்கிறது, 'முன்' சேர்க்க வேண்டியதில்லை, பழமையின் வாசனையும் இருக்கும். இன்றைய ஆங்கிலச் சட்டத்துக்கு 'கொலைக் குற்றக்கருத்து'. வெறும் 'கொலைக்கருத்து' என்றால் கொடுங்காயம் மட்டும் கருதியவர் விடுபட்டுப் போவார், அதனால்தான் நடுவில் 'குற்ற' சேர்த்தேன்.