உதவி செய்தால் நிறைவது மனமா, கல்லாப்பெட்டியா?

எண்சுவடி (திங்கள், காலை 7:40)

ஆறு ஆண்டுகளாக இணையத்தில் எக்செல் கணக்குத் தாள்கள் விற்கிறேன். வரவு செலவு, கையிருப்பு, கடன் பாக்கி என்று சிறு வியாபாரிகளுக்கு வேண்டியவை. அதற்கு முன்பு இரண்டு ஆண்டுகள் வேறொரு வேலை: சரக்கைக் கண்ணால்கூடப் பார்க்காமல், எங்கோ ஒரு கிடங்கிலிருந்து எங்கோ ஒரு வீட்டுக்கு அனுப்பவைத்து நடுவில் லாபம் பார்ப்பது. பணம் அதில்தான் அதிகம். ஆனால் இரவு கணினியை மூடும்போது "இன்று என்ன செய்தாய்?" என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

சென்ற வாரம் ஒருவர் எழுதினார். இரண்டு சரக்கு வண்டிகள் வைத்து ஓட்டுகிறவர். "மூன்று மாதமாக எவ்வளவு பதிந்தாலும் மொத்தத் தொகை அசைய மாட்டேன் என்கிறது" என்றார். கோப்பை வாங்கித் திறந்தேன். 500ஆவது வரிசைவரை எண்கள் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒழுங்காக நின்றன. 501இலிருந்து எல்லாம் இடது ஓரத்துக்குத் தாவியிருந்தன. ஒவ்வொரு கட்டத்தின் மேல் மூலையிலும் கடுகளவு பச்சை முக்கோணம். எக்செல்லில் புழங்குகிறவர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். அவை எண்கள் அல்ல, எண் வேடம் போட்ட எழுத்துகள். கூட்டல் சூத்திரம் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

சரிசெய்ய நான்கு நிமிடம். ஏன் அப்படி ஆனது என்று அவருக்கு விளங்கவைக்க நாற்பது நிமிடம். கடைசியில் அவர் சொன்னார்: "இத்தனை நாளும் எனக்குத்தான் கணக்கு வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

அன்று விற்பனை இரண்டே இரண்டு. ஆனாலும் படுத்தவுடன் தூங்கிவிட்டேன். இணைய வியாபாரத்தில் மனநிறைவுக்கு ஒரே வழி அடுத்தவருக்கு உதவுவது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

கறார்க்கணக்கு (திங்கள், காலை 9:05)

வந்துவிட்டேன்.

"உதவி" என்ற சொல்லைக் கேட்டாலே என் கை தானாகச் சட்டைப்பையைப் பொத்திக்கொள்ளும். காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இணையப் பயிற்சியில் பணம் கட்டிச் சேர்ந்தேன். எட்டு வாரம். "பிறருக்கு உதவுங்கள், பணம் உங்களைத் தேடி வரும்" என்பதுதான் பாடம். ஆறு வாரம் கண்ணை மூடி மூச்சு விட்டோம், நோக்கம் எழுதினோம், ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம். ஏழாவது வாரம் குட்டு வெளிப்பட்டது: நாங்கள் பிறருக்குச் செய்யக்கூடிய ஆகப்பெரிய உதவி, இதே பயிற்சியில் அவர்களைச் சேர்த்துவிடுவதாம். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். நடத்தியவருக்கு அந்தப் பயிற்சியைத் தவிர வேறு வியாபாரமே கிடையாது.

இப்போது நான் தண்ணீர்க் குழாய்களுக்கான ரப்பர் வளையங்கள் விற்கிறேன். சொன்ன அளவு, சொன்ன விலை, சொன்ன நாள். குழாய் சொட்டுவது நின்றுவிட்டால் யாரும் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை, எழுதவும் வேண்டாம். நிறைவு வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை எங்காவது போய்த் தொண்டு செய்யுங்கள். வாடிக்கையாளரின் நன்றியை உங்கள் தலையணையாக்க வேண்டாம்.

அரைவாளி (திங்கள், காலை 9:20)

என் வீட்டுச் சமையலறைக் குழாய் இரண்டு வாரமாகச் சொட்டுகிறது. சும்மா சொல்லிவைத்தேன்.

ஓலைநறுக்கு (திங்கள், காலை 11:32)

இந்தச் சண்டை நமக்குப் புதிதல்ல. புறநானூற்றின் 134ஆம் பாட்டில் முடமோசியார் ஆய் என்னும் வள்ளலைப் புகழ்கிறார். எப்படிப் புகழ்கிறார்? "அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்" என்று. இந்தப் பிறவியில் கொடுத்தால் அடுத்த பிறவியில் பலன் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவன் அறத்தை விலைக்கு விற்கும் வணிகன். ஆய் அப்படிப்பட்டவன் இல்லை. பெயர் வைப்பதென்றால் இப்படி வைக்க வேண்டும். கறார்க்கணக்கு சேர்ந்த பயிற்சியை நடத்தியவருக்கு வேறு பட்டமே வேண்டாம்.

அதற்காகப் புலவர்கள் வணிகர்களைத் தூற்றினார்கள் என்று எண்ண வேண்டாம். பட்டினப்பாலை அவர்களை வாயாரப் பாராட்டுகிறது: "கொள்வதூஉம் மிகைகொளாது கொடுப்பதூஉம் குறைகொடாது." வாங்கும்போது கூடுதலாக வாங்காதே, கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காதே. அவ்வளவுதான். வாடிக்கையாளரைக் கரையேற்று என்று அங்கே யாரும் கேட்கவில்லை. வணிகனுக்கு ஓர் அறம், வள்ளலுக்கு ஓர் அறம். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றினால்தான் திரிகிறது.

எண்சுவடி (திங்கள், பிற்பகல் 2:15)

ஐயா, பாட்டு அருமை. ஆனால் திரியாமல் இருந்த பாத்திரங்களும் உண்டே. சல்மான் கான் (நடிகர் அல்லர், கணக்கு வாத்தியார்) 2004இல் வேறு ஊரில் இருந்த உறவுக்காரச் சிறுமிக்கு இணையம் வழியாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். மற்ற உறவினர்களும் கேட்டார்கள். 2006இல் யூடியூபில் பாடங்களை ஏற்றினார். 2009இல் நிதி நிறுவன வேலையையே விட்டுவிட்டார். உதவியில் பிறந்ததுதானே கான் அகாதமி?

இன்னொன்று. 2008இல் எலிசபெத் டன்னும் கூட்டாளிகளும் ஒரு சோதனை நடத்தினார்கள். காலையில் சிலருக்கு உறையில் பணம் கொடுத்து, பாதிப் பேரைத் தமக்காகவும் மீதிப் பேரைப் பிறருக்காகவும் அன்று மாலைக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். பிறருக்காகச் செலவழித்தவர்கள்தான் மாலையில் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். உறையில் இருந்தது 5 டாலரா 20 டாலரா என்பதால் வித்தியாசம் எதுவும் ஏற்படவில்லை.

கறார்க்கணக்கு (திங்கள், பிற்பகல் 2:51)

இரண்டு சாட்சிகளும் என் பக்கம்தான் பேசுகிறார்கள், நண்பரே. கான் அகாதமி 2008இலேயே லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவானது, நன்கொடையில் நடக்கிறது. அதாவது அவர் உதவியை வியாபாரமாக்க மறுத்துவிட்டார். உறை வாங்கியவர்களும் கொடுத்தார்கள், விற்கவில்லை. கொடுப்பதில் மகிழ்ச்சி உண்டு என்பதை நான் எப்போது மறுத்தேன்? விலைச்சீட்டு ஒட்டிவிட்டு அதையே "கொடுத்தேன்" என்று சொல்லிக்கொள்வதைத்தான் மறுக்கிறேன்.

எண்சுவடி (திங்கள், மாலை 4:10)

சம்பளத்துக்குச் செய்யும் வேலையிலும் அது உண்டு. ஆடம் கிராண்டின் 2007ஆம் ஆண்டு ஆய்வைப் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்கும் ஊழியர்கள், அலுப்பூட்டும் வேலை. அந்தப் பணத்தில் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரை அவர்களில் சிலருக்கு ஐந்து நிமிடம் அறிமுகப்படுத்தினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அவர்கள் தொலைபேசியில் பேசிய நேரமும் திரட்டிய தொகையும் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தன. உழைப்பு யாருக்குப் போய்ச் சேருகிறது என்று கண்ணால் பார்த்தால் வேலையே வேறாகிவிடுகிறது.

கறார்க்கணக்கு (திங்கள், மாலை 4:18)

ஐந்து நிமிட அறிமுகத்தில் இரண்டு மடங்கு வேலை. முதலாளிக்கு இதைவிட மலிவான போனஸ் உண்டா?

செங்காந்தள் (திங்கள், இரவு 10:47)

நாள் முழுவதும் படித்துவிட்டு எழுதுகிறேன். எண்சுவடி சொல்லும் சுகம் பொய்யில்லை. அதன் மறுபக்கம் எப்படியிருக்கும் என்று நான் சொல்கிறேன்.

இணையதளங்களில் விண்ணப்பப் படிவம் அமைக்க ஒரு சிறு மென்பொருள் எழுதி இலவசமாக விட்டேன். முதல் ஆண்டு வந்த நன்றிக் கடிதங்களை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தேன், சிரிக்காதீர்கள். இரண்டாம் ஆண்டு கேள்விகள். மூன்றாம் ஆண்டு அதட்டல்கள். "நேற்றே கேட்டேனே, இன்னும் சரிசெய்யவில்லையா?" எனக்கு ஒரு காசு கொடுக்காத ஒரு நிறுவனத்தின் ஊழியர், தன் மேலாளரின் பெயரையும் சேர்த்து அனுப்பிய கடிதம் அது. அன்று அப்பாவை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அங்கேயே மடிக்கணினியைத் திறந்து சரிசெய்து அனுப்பினேன். எனக்கு இன்றுவரை உறுத்துவது அந்தக் கடிதம் இல்லை, நான் மடிக்கணினியைத் திறந்ததுதான்.

இப்படி எரிந்து சாம்பலாவதற்கு உளவியலில் பெயர் சூட்டி 1974இல் கட்டுரை எழுதியவர் ஃபிராய்டன்பெர்கர். அவர் யாரைப் பார்த்து அதை எழுதினார் என்று நினைக்கிறீர்கள்? லாபத்துக்கு அலைந்தவர்களையா? நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் தன்னோடு தொண்டு செய்தவர்களைப் பார்த்து. உதவியவர்கள்தான் முதலில் எரிந்தார்கள்.

2014இல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் வெளிப்பட்டபோது உலகமே பதறியது. இணையத்தின் பெரும்பகுதி தன் பூட்டுச்சாவியை நம்பி ஒப்படைத்திருந்த மென்பொருள் அது. அதைப் பராமரித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். ஆண்டுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை சுமார் 2000 டாலர். இது மனநிறைவா, சுரண்டலா?

இப்போது நான் ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குகிறேன். கட்டணம் வைத்த மாதமே கடிதங்கள் பாதியாகக் குறைந்தன. மீதிப் பாதி மரியாதையாக வந்தது.

அரைவாளி (செவ்வாய், காலை 8:02)

கட்டணம் மரியாதையைக் கொண்டுவரும் என்பதற்கு எதிர்ச்சாட்சி ஒன்று. 2000இல் வெளியான ஆய்வு, இஸ்ரேலில் நடந்தது. குழந்தைக் காப்பகங்களில் பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது! அதுவரை "பாவம், ஆசிரியை காத்திருப்பாரே" என்று ஓடிவந்தவர்கள், "காசு கொடுக்கிறோமே" என்று ஆற அமர வந்தார்கள். பிறகு அபராதத்தை எடுத்துவிட்டும் பழைய நிலை திரும்பவில்லை. கூச்சத்துக்கு விலை வைத்துவிட்டால் கூச்சம் போனது போனதுதான்.

செங்காந்தள் (செவ்வாய், காலை 8:30)

அந்த அபராதம் சின்னத் தொகை. என் கட்டணம் சின்னத் தொகை இல்லை.

கறார்க்கணக்கு (செவ்வாய், காலை 10:26)

செங்காந்தள், உங்கள் வராந்தாவைப் படித்த பிறகு என் வாய் சற்று அடங்கியிருக்கிறது. ஆனால் எண்சுவடியிடம் ஒரு கேள்வி நேற்றிலிருந்தே உறுத்துகிறது.

500ஆவது வரிசைவரை எண்கள் சரி, 501இலிருந்து எழுத்துகள் என்றீர்கள். வண்டிக்காரர் தட்டச்சு செய்த விதம் திடீரென்று 501இல் மாறியிருக்குமா? அவ்வளவு உருண்டையான எண்ணில்? அந்தக் கட்டங்களை "எழுத்து" என்று முன்கூட்டியே அமைத்துவைத்தது யார்?

எண்சுவடி (புதன், இரவு 11:15)

ஒன்றரை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு.

அமைத்துவைத்தது நான்தான். முதலில் 500 வரிசைகளோடு விற்றேன். போதவில்லை என்று சிலர் கேட்டதால் 5000 ஆக நீட்டினேன். நீட்டும்போது ரசீது எண்ணுக்கான பத்தியின் அமைப்பை அவசரத்தில் தொகைப் பத்திக்கும் இழுத்துவிட்டிருக்கிறேன். ரசீது எண்ணில் முன்னால் வரும் பூச்சியங்கள் அழியக் கூடாது என்று அதை எழுத்தாகத்தான் வைத்திருந்தேன். அதுவரை நான் விற்ற தாள்களில் எல்லாம் சரியாக இருந்தது. அதன் பிறகு விற்றவை 412. ஒவ்வொன்றிலும் 501ஆவது வரிசையில் ஒரு பள்ளம்.

கறார்க்கணக்கு (புதன், இரவு 11:24)

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அது. நாற்பது நிமிடம் தாலாட்டு வேறு.

உங்களைக் குத்த இதைச் சொல்லவில்லை. அந்த மனிதர் மூன்று மாதம் தன்னை மட்டி என்று நினைத்தது உங்களால். பிறகு நன்றி சொன்னதும் உங்களுக்கே. 500ஐத் தாண்டியும் உங்களுக்கு எழுதாமல் இருப்பவர்கள் எத்தனை பேர்? அவர்களுடைய மொத்தத் தொகை இப்போது என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது?

ஓலைநறுக்கு (வியாழன், காலை 6:10)

"கொடுப்பதூஉம் குறைகொடாது" என்று நான் எழுதியபோது எனக்கு இது தெரியாது. வேண்டுமென்று குறைத்ததல்ல, ஆனாலும் குறைதான்.

எண்சுவடி (ஞாயிறு, இரவு 8:50)

வியாழக்கிழமை 412 பேருக்கும் திருத்திய தாளை அனுப்பினேன். தவறு என்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதினேன். பழைய தாளில் எந்த இடத்தைப் பார்த்தால் தெரியும், பதிந்ததை இழக்காமல் எப்படி மாற்றுவது என்று படத்தோடு விளக்கினேன். வண்டிக்காரருக்குத் தனியாகத் தொலைபேசியில் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு "சரி தம்பி" என்றார். அந்தச் "சரி"க்கு என்ன பொருள் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இதுவரை வந்த பதில்கள் பதினொன்று. இரண்டு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். ஒருவர் தவறான மொத்தத்தை வைத்தே வரிக் கணக்கைச் சமர்ப்பித்துவிட்டாராம். திருத்தக் கணக்கு போடுவதற்கு அவரோடு உட்கார்ந்திருக்கிறேன், இன்று மூன்றாவது நாள். ஏழு, விடுமுறையில் இருப்பதாகச் சொல்லும் தானியங்கிப் பதில்கள். ஒருவர் இனிமேல் தனக்குக் கடிதம் அனுப்ப வேண்டாம் என்று எழுதினார்.

கறார்க்கணக்கு (ஞாயிறு, இரவு 9:01)

தூக்கம்?

எண்சுவடி (ஞாயிறு, இரவு 9:03)

வியாழன், வெள்ளி இல்லை. நேற்று வந்தது.

செங்காந்தள் (ஞாயிறு, இரவு 9:40)

திருத்தக் கணக்குக்கு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் முப்பது நாளாகும், பார்த்திருக்கிறேன்.

அரைவாளி (ஞாயிறு, இரவு 10:05)

எல்லாம் முடிந்தது என்றால், கறார்க்கணக்கு, என் குழாய் இன்னும் சொட்டுகிறது. எந்த அளவு வளையம் வாங்க வேண்டும்?

கறார்க்கணக்கு (ஞாயிறு, இரவு 10:12)

முதலில் தண்ணீரை அடைத்துவிட்டுக் கைப்பிடியைக் கழற்றிப் பழைய வளையத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் புதிது வாங்காதீர்கள், திருப்பிப் போட்டாலே சில மாதம் ஓடும்.