ராஜா ஜோடி கையில், போர்டில் 9-8-7: எவ்வளவு பெட், எப்போது ஃபோல்ட்?

கிளாவர்_ஏழு:
போக்கர் (டெக்சாஸ் ஹோல்டெம்) டோர்னமென்ட், பிளைண்ட் (கட்டாயப் பந்தயம்) 500/1,000, பிக் பிளைண்ட் ஆண்டி (பிக் பிளைண்ட் கூடுதலாகப் போடும் கட்டாயத் தொகை) 1,000. பரிசு எல்லைக்கு இன்னும் வெகு தூரம். கட்-ஆஃபில் (டீலர் இடத்துக்கு முந்தைய இருக்கை) எனக்கு 32,000 சிப். கையில் ஸ்பேட் ராஜா, டைமன் ராஜா. 2,200-க்கு ரெய்ஸ் (ஏற்றுதல்), பிக் பிளைண்ட் மட்டும் கால் (அதே தொகையைப் போடுவது). அவரிடம் 40,000 இருந்தது. பாட் (நடுவில் சேர்ந்த சிப்) இப்போது 5,900.

பிளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு) 9♥ 8♥ 7♣. அவர் செக் (பெட் வைக்காமல் விடுவது). 2,000 பெட் வைத்தால் 6,500-க்கு ஏற்றுகிறார். கால், ஆல் இன் (மிச்சம் எல்லாவற்றையும் போடுவது), ஃபோல்ட் (கையை விடுவது), எது சரி? இல்லை, அந்த 2,000-லேயே கோளாறா?

பாட்_கணக்கு:
கோளாறு 2,000-ல்தான். மூன்றில் ஒரு பங்கு பெட் என்பது ராணி-7-2 மாதிரி காய்ந்த (சீட்டுகள் ஒன்றோடொன்று சேராத) போர்டுக்கு. இங்கே அது எதிராளிக்கு மலிவான சீட்டையும் கொடுக்கிறது, ரெய்ஸ் செய்ய இடமும் கொடுக்கிறது.

முதலில் அவரிடம் என்ன இருக்கும் என்று பாருங்கள். ப்ரீ-பிளாப்பில் (பிளாப்புக்கு முன்) 1,200 போட்டு 5,900 பாட்டைப் பார்க்கிறார். 20 சதவீதம் ஜெயித்தாலே போதும். அதனால் ஜாக்கி-10, 6-5, 10-6 ஒரே சாதி (மூன்றும் இங்கே ஸ்ட்ரெயிட், அதாவது ஐந்து தொடர் சீட்டு), 9-8, 8-7 எல்லாம் அவர் கையில் தாராளமாக இருக்கும். ஜாக்கி-10 மட்டுமே 16 விதம். உங்களுக்கு இருக்கும் ஒரே மேன்மை பெரிய ஜோடிகள். ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி அவரிடம் இருந்திருந்தால் அநேகமாக முன்பே திருப்பி ஏற்றியிருப்பார்.

அடுத்து டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு). பார்க்காத சீட்டு 47. அதில் ஹார்ட்டின் 11 (ஃபிளஷ், அதாவது ஒரே சாதியில் ஐந்து சீட்டு, ஆகலாம்). மற்ற சாதியில் 10, ஜாக்கி, 6, 5 தலா மூன்று, ஆக 12. மொத்தம் 23 சீட்டு உங்களை முழிக்க வைக்கும். 9, 8, 7 திரும்ப வந்து போர்டு ஜோடியாகும் சீட்டு இன்னும் 8. சுத்தமானது வெறும் 16. "ராஜா ஜோடி வைத்திருக்கிறேனே" என்ற தெம்பு அடுத்த சீட்டு வரைக்கும்தான்.

அதனால் இரண்டே வழி. ஒன்று, 4,000 பெட். கால் வந்தால் பாட் 13,900, உங்களிடம் 25,800. டர்னில் 2, 3 மாதிரி சுத்தமான சீட்டு வந்தால் 9,000 வைத்து, ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டில்) மிச்சத்தைத் தள்ளலாம். இன்னொன்று, செக். டர்ன் சுத்தமாக வந்து அவர் மறுபடி செக் செய்தால் அப்போது பெட். அவர் பெட் வைத்தால் ஒரு கால். இலவசச் சீட்டு கொடுக்கிறோம் என்பது உண்மைதான், ஆனால் பாட் சின்னதாக இருக்கும்போதே கெட்ட டர்னைப் பார்த்துவிட்டு எழுந்து போகலாம். 30 பிளைண்ட் ஆழத்தில் நான் செக்கைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஸ்டாக்_முப்பது:
6,500 வந்துவிட்ட பிறகு என்ன என்பதுதானே கேள்வி? கால் செய்ய 4,500, கடைசியில் பாட் 18,900. 24 சதவீதம்கூட வேண்டியதில்லை. விலை மலிவு, ஃபோல்ட் கிடையாது. ஆனால் கால் போட்டுவிட்டு பாதி டர்னில் ஓடுவதைவிட இப்போதே ஆல் இன் போடலாமே?

பாட்_கணக்கு:
ஆல் இன் போட்டால் யார் கால் செய்வார் என்று பாருங்கள், ப்ரோ. அவர் இன்னும் 23,300 போட வேண்டும், மொத்த பாட் 65,500. அவருக்குத் தேவை 35.6 சதவீதம்.

தனி ஃபிளஷ் டிராவுக்கு (ஃபிளஷுக்கு ஒரு சீட்டு குறைவான கை), 9 அவுட் (கையை முன்னேற்றும் சீட்டு), ரிவர் வரை ஏறக்குறைய 35 சதவீதம். விளிம்பில் நிற்கிறது. 10-9 வைத்திருந்தால் ஜாக்கி, 6, இன்னொரு 9, இன்னொரு 10 என்று 13 அவுட், கிட்டத்தட்ட சமம். 7♥6♥ என்றால் 20 அவுட்; மூன்றில் இரண்டு தடவை அவர்தான் ஜெயிப்பார். ஸ்ட்ரெயிட், செட் (ஒரே எண்ணில் மூன்று) எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கால். ஓடுகிற கை ஏஸ்-9, தனி 10 மாதிரி நலிந்தவை. அதில் பெரும்பாலானவை உங்கள் பின்னால்தான் இருந்தன.

நீங்கள்தான் அவருக்குப் பின்னால் பேசுகிறீர்கள், அந்த வசதியைப் பயன்படுத்துங்கள். கால் செய்தால் மிச்சம் 23,300, பாட் 18,900. டர்னில் ஹார்ட்டின், 10, 6 வந்து அவர் மறுபடி அடித்தால் விட்டுவிடலாம். சுத்தமான சீட்டில் ஆல் இன் வந்தால் கால்.

இன்னொரு நிலைமை: நீங்கள் 4,000 வைத்து அவர் நேராக ஆல் இன் போனால் 25,800 போட வேண்டும், தேவை 39.4 சதவீதம். முடிந்த கைகளுக்கு எதிராக ராஜா ஜோடிக்கு சராசரி 12, டிரா மற்றும் சின்ன ஜோடிகளுக்கு எதிராக 55 என்று வைத்துக்கொண்டால், அவர் ஆல் இன்னில் 64 சதவீதம் இரண்டாவது வகையாக இருக்க வேண்டும். டிராவை அழுத்தி ஆடும் ஆள் என்றால் கால். ஆட்டம் முழுக்க கால் மட்டுமே செய்துவிட்டு இப்போது திடீரென்று எழுந்தவர் என்றால் ஃபோல்ட், யோசிக்கவே வேண்டாம்.

பபிள்_கண்ணன்:
மேலே உள்ளதெல்லாம் சிப் கணக்கு. பரிசு எல்லை பக்கத்தில் வந்தால் மாறும். நான்கு பேர், சம ஸ்டாக் (சிப் இருப்பு), பரிசு மூன்று பேருக்கு 50-30-20 என்று வையுங்கள். இப்போது பரிசுத் தொகையில் உங்கள் பங்கு 25 சதவீதம். இரட்டிப்பானால் 50 ஆகாது, 38.3 தான். அதாவது சம ஸ்டாக்காரருடன் எல்லாவற்றையும் பணயம் வைக்க 65 சதவீதம் ஜெயிக்க வேண்டும். இந்த போர்டில் நல்ல டிராவுக்கு எதிராகக்கூட ராஜா ஜோடிக்கு அது கிடைக்காது. அங்கே பிளாப்பில் செக்தான்.

ஸ்மால் பிளைண்டும் கால் செய்து மூன்று பேராக இருந்தாலும் அதேதான்.

கிளாவர்_ஏழு:
நன்றி. ராஜாவில் ஒன்று ஹார்ட்டினாக இருந்தால் பெட் கூடுமா, குறையுமா?

பாட்_கணக்கு:
செக் கூடும். அவருடைய ஃபிளஷ் டிராக்களில் ராஜா உள்ளவை அத்தனையும் போய்விடும். கால் செய்து காசு கொடுக்கும் கைகள் குறைகின்றன. டர்னில் ஹார்ட்டின் வந்தாலும் உங்களுக்கு ராஜா ஃபிளஷ் டிரா இருப்பதால் பதறி ஓட வேண்டாம். ஸ்பேடும் டைமனும் வைத்திருக்கும்போதுதான் 4,000 அவசரம்.