12 வாட் வால்வு ஆம்ப், தவில் அடித்தால் உடைகிறது: எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்?

ஈசூன்வாசி:
வணக்கம். போன மாதம் செகண்ட் ஹேண்டில் ஒரு வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வில் ஓடுகிற ஆம்ப்ளிஃபையர்) வாங்கினேன், ஒரு பக்கத்துக்கு இரண்டு இஎல்84 வால்வு, ஜோடியாக வேலை செய்கிற புஷ்-புல் முறை, 12 வாட். எட்டு வருஷமாக வைத்திருக்கும் சின்ன ஷெல்ஃப் ஸ்பீக்கரைத்தான் அதில் மாட்டியிருக்கிறேன், முதுகில் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் வருகிற சத்தம்) 85 டெசிபல், 6 ஓம் என்று போட்டிருக்கிறது. தனிக்குரல் என்றால் எதிரில் உட்கார்ந்து பாடுகிற மாதிரியே இருக்கிறது. ஆனால் நாதஸ்வரக் கச்சேரி போட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினால் போதும், தவில் அடி விழுகிற இடமெல்லாம் கரகரவென்று உடைகிறது. சிங்கப்பூரில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, ஸ்பீக்கரிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி சோபா. கையில் 1,500 வெள்ளி. ஸ்பீக்கரை மாற்றுவதா, ஆம்ப்பையா? (இந்தத் திரியை வீட்டுக்காரி படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் கேட்கிறேன்.)

பிடோக்_பாட்டுப்பெட்டி:
ஆம்ப்பை விற்றுவிடாதீர்கள், குற்றவாளி அந்த 85தான். 3 டெசிபல் கூடினால் பாதி வாட்டிலேயே அதே சத்தம் வரும், அதனால் 91 டெசிபல் ஸ்பீக்கர் போட்டால் உங்கள் 12 வாட், இப்போதைய ஸ்பீக்கரில் 48 வாட் செய்கிற வேலையைச் செய்துவிடும். தவில் அடி ஒரு நொடிகூட நிற்காது, ஆனால் அந்தத் துளி நேரத்துக்குக் கேட்கிற வாட் அதிகம், ஆம்ப் அங்கேதான் மூச்சு வாங்குகிறது. ஹார்ன் (ஊதுகுழல் வாய் மாதிரி விரிந்த) ஸ்பீக்கர் பக்கம் போங்கள். கிளிப்ஷ் ஹெரசி 1957இலிருந்து வருகிறது, இப்போதைய மாடலுக்கு 99 டெசிபல் என்கிறார்கள். புதிதாக உங்கள் பணத்துக்குக் கிடைக்காது, பழையது தேடிப் பாருங்கள்.

வால்வுக்கிழவன்:
தம்பி, டெசிபலை மட்டும் பிடித்துத் தொங்காதீர்கள். பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ 83 டெசிபலைக்கூடத் தொடாது, ஆனால் பழையவை 15 ஓம் என்பதால் வால்வுக்காரர்கள் அதை இன்னும் கொண்டாடுகிறார்கள். (தவிலுக்கு அது சரிப்படாது, அது வேறு கதை.) பார்க்கவேண்டியது இம்பீடன்ஸ் (ஓமில் சொல்கிற மின்தடை) எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதை. 8 ஓம் என்று ஒட்டியிருப்பார்கள், உள்ளே 3 ஓம் வரை இறங்கும். வால்வு ஆம்ப்புக்கு ஸ்பீக்கர் மேல் பிடி குறைவு, இம்பீடன்ஸ் ஏறி இறங்குகிற இடமெல்லாம் சத்தமும் கூடவே ஏறி இறங்கும். இன்னொன்று, சென்சிட்டிவிட்டியை 2.83 வோல்ட்டில் அளந்திருந்தால் 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 1 வாட், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2 வாட் ஆகிவிடும், எனவே 90 என்று போட்டிருப்பது நிஜத்தில் 87.

காசு செலவழிக்குமுன் ஒன்று செய்யுங்கள். ஆம்ப்பின் பின்னால் 4, 8 என்று இரண்டு முனை இருக்கும், நீங்கள் 8இல்தான் மாட்டியிருப்பீர்கள். ஆம்ப்பை அணைத்துவிட்டு 4க்கு மாற்றிக் கேளுங்கள். ஸ்பீக்கர் மாட்டாமல் மட்டும் ஆம்ப்பைப் போட்டுவிடாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

தெம்பனிஸ்தேனீ:
பழைய ஸ்பீக்கர் வாங்குவதென்றால் முன்வலையைக் கழற்றிக் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பைப் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்கு ஃபோம் தாங்காது. நான் 600 வெள்ளி கொடுத்துத் தூக்கி வந்த ஜோடியில் விரல் வைத்ததும் விளிம்பு கறுப்புப் பசை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, விற்றவர் அப்புறம் போனையே எடுக்கவில்லை. ரப்பரோ துணியோ என்றால் பயமில்லை. அப்புறம் அந்த ஹெரசி தரையில் உட்கார்கிற பெட்டி, நாலறை வீட்டு ஹாலில் டிவி மேசைக்கு இரண்டு பக்கமும் அதை வைத்தால் மீன்தொட்டிக்கு இடம் இருக்காது.

ஈசூன்வாசி:
ஐயா, சொன்ன மாதிரி 4க்கு மாற்றினேன். மத்தளம், பேஸ் எல்லாம் இறுகி நிற்கிறது, முன்பு கொழகொழவென்று இருந்தது இப்போதுதான் தெரிகிறது. தவில் இன்னும் உடைகிறது, ஆனால் வால்யூம் குமிழ் பத்து மணியில் உடைந்தது இப்போது பதினொன்று வரை தாங்குகிறது. சனிக்கிழமை ஆடியோ கடைகள் இருக்கிற அடெல்ஃபி கட்டடத்துக்கு ஆம்ப்பையே கொண்டுபோய் 90, 91 டெசிபல், 8 ஓம் ஸ்பீக்கர்களை அதிலேயே போட்டுக் கேட்கலாம் என்றிருக்கிறேன். 14 கிலோ, மார்க்கெட் போகிற தள்ளுவண்டியில் போர்வை சுற்றி எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோவது சரியா, டாக்சிதானா?

வால்வுக்கிழவன்:
டாக்சி. வால்வுகளைக் கழற்றி எண் போட்டுத் தனியாகச் சுற்றி எடுத்துப் போங்கள். அந்த நாதஸ்வரத் தட்டையும் மறக்காதீர்கள், கடைக்காரர் போடுகிற பாட்டில் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும்.