பதினைந்து வயது மகளின் அறைக்குக் கருநீலம் பூசலாமா?

வைகைக்கரை:
மதுரையில் எங்கள் வீட்டின் மேற்குப் பக்க அறையை, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு மகளுக்குத் தனி அறையாகக் கொடுத்திருக்கிறோம். 10-க்கு 12 அடி, உயரம் 10 அடி, மேற்கே ஒரே சன்னல். அவள் கேட்பது நான்கு சுவர்களுக்கும் கூரைக்கும் கருநீலம். என் கணவர் சந்தன நிறத்தைத் தாண்டி எதையும் ஏற்க மறுக்கிறார்; மாமியாரோ, வயதுப் பிள்ளை படுக்கும் அறையில் இருட்டைப் பூசாதே என்கிறார். திங்கட்கிழமை பெயின்டர் பட்டி பார்க்க வருகிறார். அனுபவம் உள்ளவர்கள் காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

சுண்ணாம்பு:
அம்மா, 22 ஆண்டுகளாகப் பெயின்டிங் ஒப்பந்த வேலை செய்து வருகிறேன். வேண்டாம் என்றே சொல்வேன். பளபளப்பில்லாத மேட் பூச்சில் கருநீலம் அடித்த சுவரில், சுவிட்சுப் பலகையைச் சுற்றி விரல் பட்ட இடங்களும், கட்டிலின் தலைமாட்டில் எண்ணெய்த் தலை சாய்ந்த இடமும் ஆறே மாதத்தில் தனியாகப் பளபளக்கத் தொடங்கும். ஈரத் துணியால் துடைத்தால் துடைத்த வட்டம் தெரியும். அடர் நிறங்களைக் கலக்கும் அடிப்படைப் பெயின்டில் (பேஸ்) வெள்ளை நிறமி குறைவு என்பதால் அடியில் இருப்பதை மறைக்கும் வலுவும் குறைவு. இரண்டு கோட்டில் முடிய வேண்டியது பல நேரம் மூன்றாகிவிடும். மூன்று ஆண்டுகளில் பெண் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு அதை மறுபடி வெளுப்பாக்க, பிரைமரில் தொடங்கி எல்லாச் செலவும் திரும்ப வரும். மேற்குப் பார்த்த அறை என்பதால் வெக்கையும் கூடும்.

நிலாமுற்றம்:
நான் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. ஐயா சொன்ன மற்றவற்றை மதிக்கிறேன். வெக்கையைப் பற்றிச் சொன்னதை மட்டும் ஏற்க முடியவில்லை. மாலை வெயிலை வாங்குவது மேற்குச் சுவரின் வெளிமுகம். அங்கே அடர் நிறம் பூசினால் சுவர் கூடுதலாகச் சூடேறும். உள்பக்கம் என்ன நிறம் என்பதால் அறையின் சூடு குறிப்பிடும்படி மாறாது.

அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. இந்த வயதுப் பிள்ளை தானாக முடிவு செய்வது எது என்று எண்ணிப் பாருங்கள். சீருடை பள்ளி தருவது. இரட்டைச் சடை பள்ளி சொல்வது. பதினொன்றாம் வகுப்பில் எந்தக் குரூப் என்பதை மாமா, சித்தப்பா வரை கூடிப் பேசித் தீர்மானிக்கிறோம். தன் பெயரில் கிடைத்த ஓர் அறைக்கு நிறம் சொல்லும்போதும் தட்டிவிட்டால், அடுத்த முறை அவள் எதையும் நம்மிடம் கேட்க மாட்டாள். எத்தனையோ மாணவிகளிடம் இதை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் மாடி:
ஆசிரியை அம்மா உரிமையைப் பற்றி மட்டும் பேசுகிறார். நான் இரண்டு பிள்ளைகளின் தகப்பன், மனநிலையைப் பற்றிப் பேசுகிறேன். இளம்பச்சை கவனத்தைக் கூட்டும், அடர் நீலம் சோர்வைத் தரும் என்று நிறவியல் படித்தவர்கள் சொல்கிறார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகள் அந்த அறையில்தான் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படிக்கப் போகிறாள். இந்த நேரத்தில் நிறத்தை வைத்துச் சோதனை செய்து பார்ப்பது சரியாகாது.

நிலாமுற்றம்:
இப்படித்தான் 1979-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், கடற்படைத் தடுப்புக் காவல் நிலையத்தின் அறைக்கு ஒருவகை இளஞ்சிவப்பைப் பூசினார்கள். அந்த நிறத்தைப் பார்த்தாலே கைதிகளின் முரட்டுத்தனம் அடங்கும் என்றார்கள். நம்பிப் பல சிறைகள் அதையே பூசின. பிற்பாடு சுவிட்சர்லாந்துச் சிறை ஒன்றில் இளஞ்சிவப்பு அறைகளையும் வெள்ளை அறைகளையும் முறையாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, அப்படி ஒரு விளைவு தென்படவில்லை. அந்த ஆய்வு 2015-இல் வெளியானது. ஒரு நிறம் எல்லோருக்கும் ஒரே மனநிலையைத் தரும் என்று சொல்பவர்களிடம் எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மூன்றாம் மாடி:
சரி, மனநிலையை விடுகிறேன். வெளிச்சத்துக்கு என்ன பதில்? வெள்ளைச் சுவர் தன் மேல் விழும் ஒளியில் 80 விழுக்காடு அளவுக்குத் திருப்பித் தரும். கருநீலம் 10 விழுக்காட்டைக்கூடத் தராது. நான்கு சுவரும் கூரையும் அந்த நிறத்தில் இருந்தால், இப்போது போதுமானதாக இருக்கும் டியூப்லைட் அப்போது போதாது. புத்தகம் வெள்ளை, சுற்றிலும் இருட்டு என்றால் இரவு பதினொரு மணிக்குக் கண் என்ன பாடுபடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சுண்ணாம்பு:
வெக்கையைப் பற்றி ஆசிரியை அம்மா திருத்தியது சரிதான்; என் பேச்சைத் திரும்பப் பெறுகிறேன். வெளிச்சக் கணக்கும் சரி. வைகைக்கரை அம்மா, கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். கதவு, சன்னல் போக உங்கள் அறையின் சுவர்ப்பரப்பு ஏறத்தாழ 400 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு 4 லிட்டர் வாளி ஒன்று பிடிக்கும். தலைமாட்டுப் பக்கம் 10 அடிச் சுவர் ஒன்றுக்கு மட்டும் கருநீலம் என்றால் 100 சதுர அடிதான், ஒரு லிட்டரில் இரண்டு கோட்டு ஓடிவிடும். பிள்ளைக்குப் பிடிக்காமல் போனாலும் ஒரு சுவரை மாற்றுவது ஒரே நாள் வேலை. படிக்கும் மேசை வெளிர் நிறச் சுவரைப் பார்த்து இருக்கட்டும். மேட் வேண்டாம், துடைத்துக் கழுவத் தாங்கும், லேசான மினுமினுப்புள்ள சாட்டின் பூச்சாகக் கேளுங்கள். ஆனால் பட்டி மேடுபள்ளம் இருந்தால் சாட்டின் காட்டிக் கொடுக்கும், ஆகவே அந்தச் சுவருக்கு உப்புத்தாள் தேய்ப்பைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

நிலாமுற்றம்:
ஒரு சுவர் என்பது பெரியவர்கள் கண்டுபிடித்த சமாதானம். நான்கு சுவர் கேட்ட பெண்ணிடம் கால் பங்கைக் கொடுத்து, கேட்டதைக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அட்டையில் தபால்தலை அளவுக்கு இருக்கும் நிறத்தை வைத்து அவளும் முடிவு செய்ய வேண்டாம், நீங்களும் செய்ய வேண்டாம். சிறிய டப்பா ஒன்று வாங்கி, இரண்டடிக்கு இரண்டடியாகத் தலைமாட்டிலும் சன்னலுக்கு எதிரிலும் அவள் கையாலேயே அடிக்கச் சொல்லுங்கள். காலையில், மாலை ஐந்து மணி வெயிலில், இரவு விளக்கில் அவளே பார்த்துச் சொல்லட்டும்.

வைகைக்கரை:
நான்கு நாட்களாகப் பார்த்தோம். அட்டையில் கருநீலமாக இருந்தது, எங்கள் வெள்ளை எல்.இ.டி. விளக்கின் கீழ் ஏறக்குறைய கருப்பாகத் தெரிந்தது. மாலை வெயில் நேராக விழுந்த அரை மணி நேரம் மட்டும் அவள் மனத்தில் இருந்த நீலம் வந்தது. இரண்டாம் இரவு அவளே வேறு அட்டை எடுத்து, கொஞ்சம் பச்சை கலந்த, ஒருபடி வெளிறிய நீலத்தைத் தேர்ந்தெடுத்தாள். தலைமாட்டுச் சுவருக்கும் கதவுப் பக்கச் சுவருக்கும் அது. மற்ற இரண்டுக்கும் சாம்பல் ஓடிய வெள்ளை. என் கணவர் விளக்கைப் போட்டும் அணைத்தும் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். கூரையை மட்டும் அவள் விடவில்லை. படுத்தபடி பார்ப்பது அதைத்தானே என்கிறாள்.

சுண்ணாம்பு:
கூரையை இப்போதைக்கு வெள்ளையாக விட்டு, ஒரு மாதம் அந்த அறையில் தூங்கிய பிறகு கேளுங்கள் அம்மா. 120 சதுர அடிதான், அப்போதும் வேண்டும் என்றால் ஒரு நாளில் அடித்துவிடலாம். இன்னொன்றையும் திங்கட்கிழமைக்கு முன்பே சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் சன்னல் கம்பியில் இருக்கும் எனாமல் அதற்கு முந்தையது என்றால், காய்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, அந்தத் தூளை அன்றே ஈரத் துணியால் வழித்தெடுக்கச் சொல்லுங்கள். வேலை நடக்கும்போது பிள்ளை அந்த அறைக்குள் இருக்க வேண்டாம்.