விக்டோரியா அருவி: அக்டோபர்ல போனா தண்ணி இருக்குமா?

கேள்வி:
வேலை விஷயமா ஜாம்பியா போறேன். அக்டோபர் கடைசியில, அருவிக்குப் பக்கத்து ஊரான லிவிங்ஸ்டன்ல மூணு நாள் கிடைக்கும். 1,708 மீட்டர் அகலம்னு படிச்சிட்டு, வெறும் பாறையைப் பார்த்துட்டு வரக்கூடாதேன்னு கேக்குறேன்.

பதில் 1:
உங்க பயம் நியாயம்தான். அந்த மாசத்துல ஜாம்பியா பக்கம் பெரும்பாலும் கறுப்புப் பாறைதான். 1905ல கட்டின பாலத்தைத் தாண்டி ஜிம்பாப்வே பக்கம் போயிடுங்க, அங்க வருஷம் முழுக்க விழும். ரெண்டு நாட்டுக்கும் சேர்த்த காசா விசா உங்களுக்குக் கிடைக்குமான்னு முதல்ல பாருங்க.

நான் முதல் தடவை போனது ஏப்ரல்ல, ஜாம்பேசி ஆறு நிறைஞ்சு ஓடுற நேரம். சத்தியமா அருவியையே பார்க்கல! அருவிக்கு எதிர்ல இருக்கிற கத்திமுனை நடைபாலத்துல நிக்கிறேன், மழை கீழேருந்து மேலே பெய்யுது. கேமரா லென்ஸைத் துடைக்க சட்டையில காய்ஞ்ச இடம் தேடினேன், காலருக்கு அடியில கூட இல்ல. காது அடைச்சுப் போச்சு. 'மோசி-ஓ-துன்யா', இடிமுழங்கும் புகைன்னு ஏன் பேர் வச்சாங்கன்னு அப்பதான் புரிஞ்சுது. ரெண்டாவது தடவை நவம்பர்ல போனப்பதான் 108 மீட்டர் பள்ளத்தோட அடி தெரிஞ்சுது. எனக்கு அதுதான் பிடிச்சது.

பதில் 2:
தண்ணி குறைஞ்சாதான் லிவிங்ஸ்டன் தீவு ஓரத்துல, அருவி விளிம்புலயே இருக்கிற 'டெவில்ஸ் பூல்' குளத்துல இறங்க விடுவாங்க. வழிகாட்டியோட மட்டும்.

கேள்வி கேட்டவர்:
விளிம்புலயா? நான் கரையிலயே நின்னுக்கிறேன் சாமி. விசா விவரம் பார்த்துட்டு வர்றேன்.