பெரியபட்டினம் கடலோரம்: செயின் லிங்க் வேலி ஒன்றரை வருடத்தில் துரு, தொய்வு, போஸ்ட் சாய்வு. எதை முதலில் சரிசெய்வது?

தோப்புமனை (கேள்வி)

பெரியபட்டினம் பக்கம், கடலிலிருந்து சுமார் 300 மீட்டர். முழுக்க மணல் தரை. மனை 120க்கு 80 அடி. முன்னால் வீடு, பின்னால் தெற்குப் பக்கம் கருவாடு காயப்போடும் களம். சுற்றிலும் 5 அடி உயர செயின் லிங்க், 3 அங்குலக் கண். பில்லில் 10 கேஜ் ஜிஐ (ஜிங்க் பூசிய இரும்புக் கம்பி) என்று இருக்கிறது. 7 அடி சிமெண்ட் போஸ்ட், 10 அடிக்கு ஒன்று. முன்பக்கம் 12 அடி கேட்.

போட்டு 18 மாதம்தான் ஆகிறது. வலையின் மேல்விளிம்பு வயிறு தள்ளியதுபோல் தொங்குகிறது. நாலு மூலையிலும் போஸ்ட் சாய்ந்துவிட்டது. தெற்குப் பக்கம் கம்பி பின்னிய இடமெல்லாம் செந்துரு. கட்டுக்கம்பி கையால் தொட்டாலே ஒடிகிறது. வலையை மாற்றினால் போதும் என்கிறார் வேலி போட்டவர். மொத்தமும் பிடுங்கிப் புதிதாகப் போடவேண்டுமா, இருப்பதை வைத்துக் காப்பாற்ற முடியுமா?

கம்பிக்கண்

வலையை மாற்றுமுன் நாலு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். போஸ்ட் மண்ணுக்குள் எவ்வளவு ஆழம், கான்கிரீட் போட்டதா, மணலை மிதித்து இறுக்கியதா? மூலையில் முட்டுக்கால் உண்டா? வலைக்குள் குறுக்கே இழுப்புக் கம்பி எத்தனை வரி ஓடுகிறது? முக்கியமாக, போஸ்ட் எந்தத் திசையில் சாய்கிறது: வேலி ஓடும் திசையிலா, வேலிக்குக் குறுக்காகவா? வேலியில் வேறு ஏதாவது கட்டியிருக்கிறீர்களா?

தோப்புமனை

ஒரு போஸ்ட்டைத் தோண்டிப் பார்த்தேன். ஒன்றரை அடிதான் இருக்கிறது. அடியில் கையளவு கான்கிரீட், மேலே வெறும் மணல். முட்டுக்கால் எங்குமே இல்லை. இழுப்புக் கம்பி மேலே ஒரு வரி மட்டும். மூலை போஸ்ட்கள் வேலி ஓடும் பக்கமாக, உள்நோக்கி இழுபட்டு நிற்கின்றன. தெற்குப் பக்க நடு போஸ்ட்கள் மட்டும் வடக்கே, களத்தின் பக்கம் சாய்ந்திருக்கின்றன. அந்தப் பக்கம் கருவாட்டில் மணல் விழாமல் இருக்கப் பச்சை வலை கட்டியிருக்கிறேன்.

கம்பிக்கண்

அண்ணே, இங்கே இரண்டு வெவ்வேறு கோளாறு இருக்கிறது. இரண்டுமே வலையில் இல்லை. துரு மூன்றாவது, அதைப் பற்றித் தெரிந்தவர்கள் பின்னால் சொல்வார்கள்.

மூலை போஸ்ட் முதலில். செயின் லிங்க் இழுத்து நிற்கிற வேலி. நடு போஸ்ட் வலையைத் தாங்குகிறது, அவ்வளவுதான். இழுவை முழுவதும் மூலையிலும் கேட் பக்கத்திலும் போய்த்தான் நிற்கும். மூலையில் இரண்டு பக்கத்து இழுவையும் சேர்வதால் முட்டு இல்லாத போஸ்ட் மணலில் நிற்காது. போஸ்ட் இரண்டு அங்குலம் சாய்ந்தாலே மேல்வரி தளர்ந்து வலை தொங்கிவிடும். நீங்கள் பார்க்கும் தொய்வு அதுதான். புது வலை போட்டாலும் மூன்று மாதத்தில் அப்படியேதான் தொங்கும்.

அடுத்து அந்தப் பச்சை வலை. வெறும் செயின் லிங்க்கில் காற்று புகுந்து போய்விடும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது 10 அடிக்கு 5 அடி தட்டில் வெறும் வலைக்கு 5, 6 கிலோ அளவுதான் தள்ளு. அதே தட்டில் நெருக்கமான நிழல்வலையைக் கட்டினால் 50 கிலோவுக்கு மேல் போகும். வேலி பாய்மரம் ஆகிவிடுகிறது. ஒன்றரை அடிக் குழி அதைத் தாங்காது. மன்னார் வளைகுடாப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் நேரே கடலிலிருந்து ஏறுவதால் தெற்குப் பக்கம் மட்டும் சாய்ந்திருக்கிறது. பாக் விரிகுடாப் பக்கம், தொண்டி, தேவிப்பட்டினத்தில் இதையே வாடைக்காற்று செய்யும்.

பச்சை வலையை இன்றே அவிழ்த்துவிடுங்கள். மணல் தடுக்கவேண்டும் என்றால் வேலிக்கு 3 அடி உள்ளே, தனியாகச் சவுக்குக் கம்பு நட்டுப் பனைமட்டை அடைப்பு வையுங்கள். மட்டைக்கு மட்டை விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும். முழுக்க அடைத்தால் காற்று மேலே ஏறிக் களத்துக்குள்ளேயே மணலைக் கொட்டும். பாதி விட்டு அடைத்தால் வேகம் குறைந்து மணல் அடைப்பின் காலடியிலேயே விழும். நம் ஊரில் பழைய ஆட்கள் மட்டை வேலியை அப்படித்தான் அடைத்திருக்கிறார்கள்.

உப்புக்காற்று

துருவைப் பற்றி நான் சொல்கிறேன். முதலில் கேஜை நீங்களே சோதியுங்கள். வெர்னியர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வலையில் மிச்சத் துண்டு இருந்தால் நேரான பகுதியில் 10 சிறு துண்டு வெட்டி ஒட்டி ஒட்டி அடுக்கி, ஸ்கேல் வைத்து மொத்த அகலத்தை அளந்து பாருங்கள். 10 கேஜ் என்றால் 32.5 மி.மீ. வரும். 12 கேஜ் என்றால் 26.4 மி.மீ. தான் வரும். எடையும் காட்டிக்கொடுக்கும்: 3 அங்குலக் கண், 5 அடி உயரம், 50 அடி நீள ரோல் 10 கேஜில் 40 கிலோவை ஒட்டி இருக்கும், 12 கேஜில் 27 கிலோவை ஒட்டி.

கேஜ் சரியாக இருந்தாலும் ஜிங்க் கோட் மெல்லியதாக இருந்தால் கடலோரத்தில் பயன் இல்லை. ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம் ஜிங்க் என்றால் கனம் 14 மைக்ரான். சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் வலையில் 40 முதல் 60 கிராம் இருக்கும், அதாவது 6 முதல் 8 மைக்ரான். கடும் கடலோரச் சூழலை ஐஎஸ்ஓ 9223 என்ற சர்வதேசத் தரம் சி5 என்று வகைப்படுத்துகிறது. அங்கே ஜிங்க் வருடத்துக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை கரையும். உங்கள் தெற்குப் பக்கம் 18 மாதத்தில் சிவந்ததில் ஆச்சரியமே இல்லை. பின்னிய இடத்தில் முதலில் வருவதற்கும் காரணம் உண்டு: அங்கே கம்பி வளையும்போது கோட் விரிசல் விடுகிறது, இரண்டு கம்பி உரசுகிறது, உப்பு ஈரமும் அங்கேதான் தங்குகிறது.

கோட்டைச் சோதிக்க மயில்துத்தம் போதும். கண்ணாடிப் பாட்டிலில் 100 மில்லி தண்ணீருக்கு 35 கிராம் மயில்துத்தம் கரையுங்கள். இரும்பு, தகரப் பாத்திரம் கூடாது. துரு ஏறாத ஒரு கம்பித் துண்டைச் சோப்பால் எண்ணெய் போகக் கழுவித் துடைத்து ஒரு நிமிடம் முக்குங்கள். எடுத்துக் கழுவித் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். கறுப்புத் தூள் துடைத்ததும் போனால் ஜிங்க் இன்னும் இருக்கிறது, மறுபடி முக்கலாம். துடைத்தும் போகாத செம்பு நிறம் பளபளவென்று ஒட்டினால் இரும்பு வெளியே வந்துவிட்டது. மெல்லிய கோட் முதல் முக்கிலேயே செம்பாகும். கனமான கோட் இரண்டு, மூன்று முக்கு தாங்கும். வெட்டிய முனை எப்போதும் செம்பாகும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஆய்வகச் சோதனையின் துல்லியம் இதில் இருக்காது. கடையில் இரண்டு ரோலை ஒப்பிட இது போதும்.

தோப்புமனை

இரண்டும் செய்து பார்த்தேன். 10 துண்டு 26 மி.மீ. தான் வருகிறது. மயில்துத்தத்தில் முதல் முக்கிலேயே செம்பு. வடக்கு, கிழக்கு, மேற்குப் பக்கத்து வலையில் வெள்ளைப் பொடிதான் பூத்திருக்கிறது, சிவப்பு இல்லை. பிவிசி கோட் போட்ட பச்சைக் கம்பிக்கு மாறினால் நிற்குமா?

கீழக்கரை இரும்புத்தெரு

பிவிசி நல்லதுதான், ஆனால் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள் காக்கா. ஒன்று, 10 கேஜ் என்பது மேலுறை சேர்த்தா, உள்கம்பி மட்டுமா? மேலுறை சேர்த்து 10 என்றால் உள்ளே 12 அல்லது 14 கேஜ் கம்பிதான் இருக்கும். முனையில் உறையைச் சீவி உள்கம்பியை அளந்து பாருங்கள். இரண்டு, உள்கம்பி ஜிஐயா, வெறும் கறுப்புக் கம்பியா? கறுப்புக் கம்பி மேல் பிவிசி என்றால் வெட்டிய முனை வழியே உப்புத் தண்ணீர் உள்ளே ஏறி, வெளியே பச்சையாக இருக்கும்போதே உள்ளே அரித்துப் பொடியாக்கிவிடும்.

என் கருத்து: தெற்குப் பக்கம் 80 அடிக்கு மட்டும் கனக் கோட் கம்பி, 10 கேஜ், சதுர மீட்டருக்கு 240 கிராமுக்குக் குறையாமல். மில்லின் சோதனைச் சான்றைக் கேளுங்கள். இந்தியத் தர எண், செயின் லிங்க் வலைக்கு ஐஎஸ் 2721, கம்பியின் ஜிங்க் கோட்டுக்கு ஐஎஸ் 4826. அதுவும் சி5 கணக்கில் 4 முதல் 8 வருடம்தான், நிரந்தரம் என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம். புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பெயின்ட்டும் தேவைப்பட்டிருக்கிறது. வெள்ளைப் பொடி பூத்த மூன்று பக்கத்தையும் இப்போது தொடவேண்டாம். அங்கே ஜிங்க் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. சிவந்த பிறகு பார்க்கலாம்.

கட்டுக்கம்பி ஒடிந்ததற்குக் காரணம், சென்ட்ரிங் வேலைக்குக் கம்பி கட்டும் கறுப்புக் கட்டுக்கம்பியைப் போட்டிருப்பார்கள். அதில் கோட்டே கிடையாது. 14 கேஜ் ஜிஐ, கனக் கோட் உள்ளதில் மாற்றுங்கள்.

கம்பிக்கண்

அப்படியானால் வேலையின் வரிசை இதுதான். முதலில் மூலை. நாலு மூலை போஸ்ட்டையும் எடுத்து, ஒன்றரை அடி அகலச் சதுரக் குழி, இரண்டரை அடி ஆழம். உங்கள் 7 அடி போஸ்ட்டை இரண்டரை அடி இறக்கினால் மேலே நாலரை அடிதான் மிஞ்சும். அதனால் மூலைக்கும் கேட்டுக்கும் மட்டும் 8 அடி போஸ்ட் வாங்குங்கள். சிமெண்ட் போஸ்ட் என்றால் மூலைவிளிம்பில் மயிரிழை விரிசலும் பழுப்புக் கோடும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உள்ளே கம்பிக்கு மேல்பூச்சு போதவில்லை, இந்த ஊரில் அது வெடிக்கும். கருங்கல் தூண் கிடைத்தால் அதுவே நல்லது. உள்ளே துருப்பிடிக்க ஒன்றும் இல்லை.

முட்டுக்கால் எந்தப் பக்கம் என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். போஸ்ட் எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அந்தப் பக்கம், வேலி ஓடும் கோட்டிலேயே வரவேண்டும். போஸ்ட்டின் முக்கால் உயரத்தில் முட்டி, 45 பாகைச் சாய்வில் இறங்கி, கால் கான்கிரீட்டில் உட்காரவேண்டும். மூலைக்கு இரண்டு, ஆக 8. கேட் போஸ்ட்டுக்கு ஒன்று வீதம் 2. 120 அடிப் பக்கங்களின் நடுவில் ஒரு போஸ்ட்டுக்கு இருபுறமும், ஆக 4. மொத்தம் 14. கெட்டித் தரையில் 15 போஸ்ட்டுக்கு ஒருமுறை முட்டு போதும் என்பார்கள். மணலில் அது போதாது, 120 அடிப் பக்கத்துக்கு நடுவிலும் வையுங்கள்.

தெற்குப் பக்க நடு போஸ்ட்கள் 7ஐயும் எடுத்து, ஒரு அடிச் சதுரம், இரண்டு அடி ஆழத்தில் மறுபடி நடுங்கள். காய்ந்த மணலில் குழி தோண்டத் தோண்டச் சரியும். தோண்டுமுன் தண்ணீர் விட்டு நனையுங்கள். அப்படியும் சரிந்தால் இருபுறமும் திறந்த தகர டிரம்மை இறக்கி, கான்கிரீட் கொட்டக் கொட்ட மேலே உருவுங்கள். கலவை 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி). ஒரு மூட்டை சிமெண்ட் மூன்று நடு போஸ்ட் குழிக்கு வரும். மூலைக் குழிக்கு ஒன்றுக்கு ஒரு மூட்டை. கடற்கரை மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் கலவையில் சேரவே கூடாது. எம்-சாண்டும் நல்ல தண்ணீர் லாரியும் செலவுதான், ஆனால் இங்கே மிச்சம் பிடித்தால் போஸ்ட்டுக்குள் இருக்கும் கம்பிதான் விலை கொடுக்கும். ஏழு நாள் நனைத்து வையுங்கள். அதற்குள் யாரும் வலையை இழுக்கக்கூடாது.

தோப்புமனை

இழுக்கும்போது எவ்வளவு இழுப்பது? போனமுறை இரண்டு பேர் கையால் பிடித்து இழுத்துக் கட்டினார்கள்.

கம்பிக்கண்

கையால் இழுத்தால் மேல்விளிம்பு மட்டும் வரும், நடு தளர்ந்தே இருக்கும். முதலில் இழுப்புக் கம்பி: மேலே, நடுவே, கீழே என்று மூன்று வரி, 10 கேஜ். சுற்றளவு கேட் போக 388 அடி. மூன்று வரிக்குச் சேதாரம் சேர்த்து 26 கிலோ ஆகும். ஒவ்வொரு வரியின் முனையிலும் ஒரு டர்ன்பக்கிள் (கம்பியைத் திருகி இறுக்கும் கொக்கி) போட்டு முறுக்குங்கள்.

பிறகு வலை. கடைசிக் கண்களில் 12 மி.மீ. ஜிஐ கம்பி ஒன்றை மேலிருந்து கீழ்வரை நுழைத்து, அந்தக் கம்பியை மூன்று இடத்தில் பிடித்து கை வின்ச்சால் இழுங்கள். இழுவை உயரம் முழுக்கச் சமமாகப் பரவும். கண்ணை இரண்டு விரலால் நெருக்கிப் பாருங்கள், கால் அங்குலத்துக்கு மேல் நெருங்கினால் இன்னும் இழுக்கவேண்டும். கண் பக்கவாட்டில் நீண்டு படுத்தால் அதிகம் இழுத்துவிட்டீர்கள். இரண்டு ரோலைச் சேர்க்கக் கட்டுக்கம்பி வேண்டாம். ஒரு ரோலின் ஓரத்தில் மேலும் கீழும் முடிச்சை நிமிர்த்தி, ஒரு நெளிகம்பியைத் திருகிக் கழற்றி, இரண்டு ஓரத்தையும் சேர்த்துவைத்து அதே கம்பியைத் திருகி இறக்கினால் ஒட்டு தெரியாது. 80 அடிக்கு இரண்டு ரோல் வரும், மிஞ்சும் 20 அடியைப் பத்திரப்படுத்துங்கள்.

உப்புக்காற்று

ஒன்று விட்டுப்போனது. வலையின் கீழ்விளிம்பு தரைக்கு 2 அங்குலம் மேலே நிற்கட்டும். மணலில் புதைந்த வரிசை எப்போதும் ஈரமாக இருப்பதால் அதுதான் முதலில் அறுந்துபோகும். கச்சான் முடிந்ததும் தெற்குப் பக்கம் குவிந்த மணலை வாரிவிடுங்கள். ஆடு நுழையாமல் இருக்கக் கீழ்வரி இழுப்புக் கம்பியோடு வலையை ஒவ்வொரு ஒன்றரை அடிக்கும் கட்டினால் போதும். கேட்டில் வெல்டிங் வைத்த இடங்களில் ஜிங்க் எரிந்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ஜிங்க் ரிச் பிரைமர் இரண்டு கை அடியுங்கள்.